மருதாணி சிவக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கையில் நிறம் ஏறவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது கோன், அடுத்து அதை வைத்துவிட்டவர். பாதி நேரம் இரண்டின் மேலும் தப்பு இருக்காது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் ஒட்டிக்கொள்வது தோலின் மேற்புறத்தில் இருக்கும் செத்த செல் அடுக்கில், அதிலுள்ள கெரட்டின் புரதத்தோடு. அந்த அடுக்கு தடிமனாக இருக்கும் இடத்தில் சாயத்துக்கு இடம் அதிகம். மெலிந்த இடத்தில் எவ்வளவு ஒசத்தியான பசையை அப்பினாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது.

அதனால் காரணம் தேடும்போது இந்த வரிசையில் போங்கள்: எந்த இடத்துத் தோல், பசை எத்தனை மணி நேரம் இருந்தது, பசை எப்படிப்பட்டது, எடுத்த பிறகு கை என்னென்ன வேலை செய்தது. பவுடரை மாற்றுவதும் கடையை மாற்றுவதும் மூன்றாவது கட்டத்தில்தான் வரும்.

பசையை எடுத்ததும் வெறும் ஆரஞ்சாக இருக்கிறது

இது கோளாறே இல்லை. இயற்கையான மருதாணி எடுத்தவுடன் கேரட் நிறத்தில்தான் இருக்கும். காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் நடக்க நடக்கத்தான் கருக்கும். 24 மணி நேரத்தில் செம்பழுப்பு, 48 மணி நேரத்தில் முழு நிறம், சிலருக்கு மூன்றாம் நாள் வரை கூடிக்கொண்டே போகும். 48 மணி நேரம் ஆகும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கல்யாண வீட்டில் நடக்கும் கணக்குப் பிழையும் இதுதான். ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை மெகந்தி வைப்பார்கள். மணமேடையில் கை ஆரஞ்சாகவே நிற்கும். வியாழன் மாலை வைத்து, இரவு முழுக்க விட்டு, வெள்ளி காலை எடுத்தால் ஞாயிறு காலை சரியாக உச்ச நிறம்.

எடுக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. காய்ந்த பசையை மழுங்கிய கத்தி முதுகாலோ ஸ்பூன் விளிம்பாலோ சுரண்டி உதிருங்கள். ஒட்டிக்கொண்டு வராத இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். அதன்பின் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், அந்தக் கையில் தண்ணீர் படக் கூடாது. குளிப்பதை மருதாணிக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது.

உள்ளங்கை கருஞ்சிவப்பு, புறங்கை வெளிறல்

அதிகம் கேட்கப்படும் புகார் இது. ஒரே கோன், ஒரே நேரம், ஒரே கை. ஆனால் இரண்டு நிறம். காரணம் முழுக்கத் தோலில் இருக்கிறது. முன்கையிலும் புறங்கையிலும் செத்த அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது பத்து மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு உள்ளங்கையில் ரோமமும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. புறங்கையில் இரண்டும் உண்டு.

இறங்கு வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்: உள்ளங்கால், உள்ளங்கை, விரல் நுனி, பாதத்தின் ஓரம், விரல்களின் மேற்புறம், மணிக்கட்டு, புறங்கை, முன்கை. தோள், முதுகு, வயிறு எல்லாம் கடைசி. அங்கே நல்ல பழுப்பு வந்தாலே அது வெற்றிதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு விரலுக்குத் தொப்பி வைத்தாலே போதும். ஒரே உருண்டைப் பசைதான், ஆனால் மூன்று நிறம் வரும். நுனிச் சதையில் கறுப்பைத் தொடும் பழுப்பு. நகத்தின் அடியில் தோல் மடிந்து மெலிகிற இடத்தில் செம்மண் நிறம். நகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஆரஞ்சுச் சிவப்பு. சதையில் இருப்பது இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்து போகும். நகத்தில் இருப்பது போகாது. விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளர்வதால், அடியிலிருந்து வெள்ளை ஏறி முழுவதும் மாற ஆறு மாதம் பிடிக்கும். நகத்தில் வேண்டாம் என்றால் வைப்பதற்கு முன்பே நகப்பூச்சு ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

புறங்கை நிறத்தை ஓரளவு தூக்கலாம். உள்ளங்கைக்கு 4 மணி நேரம் போதும் என்றால் புறங்கைக்கு 8 மணி நேரம் கொடுங்கள். கோட்டைத் தட்டையாக இழுக்காமல் உப்பலாக, ஒரு மில்லிமீட்டராவது மேலெழும்படி வையுங்கள். மெல்லிய கோடு அரை மணியில் காய்ந்துவிடும், காய்ந்த பசையிலிருந்து சாயம் தோலுக்கு இறங்காது. நுணுக்கமான வலைப்பின்னல் டிசைனை உள்ளங்கைக்கு ஒதுக்கிவிட்டு, புறங்கையில் தடித்த கொடியும் நிரப்பிய இலையுமாகப் போடுவது புத்திசாலித்தனம்.

உள்ளங்கையிலேயே ரேகைகள் மட்டும் வெள்ளையாக நிற்கின்றன என்றால், பசை ஈரமாக இருக்கும்போது கை மடங்கியிருக்கிறது. வைக்கும்போதும் காயும்போதும் உள்ளங்கையை விரித்தே வைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்தும் எல்லா இடத்திலும் ஆரஞ்சுதான்

உள்ளங்கையிலும் ஏறவில்லை என்றால்தான் பசையைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளங்கை நடுவில் பட்டாணி அளவு பசையை 20 நிமிடம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். பளிச்சென்று ஆரஞ்சு விழுந்தால் பசைக்கு உயிர் இருக்கிறது. தவறு நேரத்திலோ பராமரிப்பிலோ. லேசான மஞ்சள்தான் என்றால் சாயம் இன்னும் வெளிவரவில்லை, இல்லாவிட்டால் வெளிவந்து செத்துவிட்டது. எது என்று அறிய, பாத்திரத்தில் உள்ள பசையைக் கரண்டியால் பிளந்து பாருங்கள். மேலே பழுப்பு, உள்ளே பச்சை என்றால் பதம். மேலேயும் பச்சை, உள்ளேயும் பச்சை என்றால் இன்னும் ஊற வேண்டும். அடிவரை பழுப்பாகிவிட்டால் தலைக்கு வேண்டுமானால் தடவலாம், கைக்கு ஆகாது.

பவுடரில் கலக்குபவர்களுக்கான அளவு: நைசாகச் சலித்த, கையில் வைப்பதற்கென்றே விற்கும் பவுடர் 100 கிராம், சர்க்கரை 30 கிராம், லாவெண்டர் அல்லது டீ ட்ரீ தைலம் 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 250 முதல் 300 மில்லி. சாற்றை ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து மூடி வையுங்கள். சாயம் வந்தபின் மீதிச் சாறு சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவரலாம். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் 6 முதல் 8 மணி நேரத்தில் பதம் வந்துவிடும்; ஏசி அறையிலும் ஊட்டி, கொடைக்கானல் குளிரிலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எலுமிச்சையின் புளிப்பு சாயத்தை நிதானமாக வெளிவிட்டு, வந்ததைக் கெடாமல் காக்கிறது. வெறும் தண்ணீரில் கலக்கினால் சீக்கிரம் வரும், சீக்கிரம் போயும்விடும்.

லாவெண்டர், டீ ட்ரீக்குப் பதிலாக நீலகிரித் தைலமும் வேலை செய்யும். ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைக்கிற பசையில் அது வேண்டாம். கிராம்புத் தைலம் சில சொட்டுக்கு மேல் போனால் தோல் எரியும். "கருக்கட்டும்" என்று தாராளமாக ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க.

பதம் வந்த பசை வெளியில் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் நாலைந்து நாள், ஃப்ரீசரில் உறைய வைத்தால் ஆறு மாதம் தாங்கும். ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். கடைக் கோன் என்றால் தேதியைப் பாருங்கள். உண்மையான மருதாணிப் பசை அறை வெப்பத்தில் ஒரு வருடம் அலமாரியில் இருக்கவே முடியாது. அப்படி இருந்தும் நன்றாகச் சிவக்கிறதென்றால் சிவக்க வைப்பது மருதாணி அல்ல. அந்த விஷயம் கீழே வருகிறது.

பவுடரின் தரமும் ஒரு காரணம்தான். காய்ந்த இலையில் லாசோன் 1 சதவீதம் சுற்றி இருக்கும். நல்ல பயிரில் 2 சதவீதம் வரை போகும். வறண்ட வெக்கையில் வளரும் செடியில் சாயம் கூடுதல். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்குப் பெயர் வந்ததும், 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் சும்மா இல்லை. மூடி திறந்து வெளிச்சத்தில் கிடந்து பச்சை மங்கிய பவுடரில் எந்த ஊர் பெயர் எழுதியிருந்தாலும் பயனில்லை.

பச்சை இலை அரைப்பவர்களுக்கு வேறு கதை. இரண்டு கைப்பிடி இலைக்கு ஒரு கொட்டைப்பாக்கு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி அல்லது அரை எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் கெட்டி டீ டிகாஷன். இலைக்காம்பைக் கிள்ளி எறியாதீர்கள், அதிலும் சாயம் உண்டு. தடித்த குச்சி மட்டும் வேண்டாம். அம்மியில் அரைத்தது ஏன் அதிகம் சிவக்கிறது என்றால், அம்மிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். மிக்ஸி சுற்றுவதற்காக அரை டம்ளர் ஊற்றினால் அந்த அளவுக்கு நிறம் நீர்த்துப்போகும். மிக்ஸிதான் என்றால் முதலில் பாக்கையும் புளியையும் தனியே பொடித்து, இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள்.

பசை நல்லது, நேரமும் கொடுத்தாயிற்று, ஆனாலும் மங்கல்

கை சில்லென்று இருக்கிறதா பாருங்கள். "சூட்டு உடம்புக்குத்தான் செவக்கும்" என்று பாட்டிகள் சொல்வதில் பாதி உண்மை. உடம்பின் உள்சூடு அல்ல, தோலின் மேற்பரப்பு வெப்பம்தான் கணக்கு. ஏசியில் ஃபேனுக்கு நேரே கையை நீட்டி உட்கார்ந்தால் யாருக்கும் மங்கும். புருஷன் பாசத்தைப் பற்றி மருதாணி எதுவும் சொல்வதில்லை. அந்தப் பேச்சைப் பந்தியோடு விட்டுவிடலாம்.

ஏசியை அணைத்துவிட்டு உட்காருங்கள். வாணலியில் ஐந்தாறு கிராம்பைச் சூடாக்கி, எழும் புகைக்கு ஒரு முழம் மேலே கையைக் காட்டுவது பழைய வழக்கம். அதில் வேலை செய்வது பெரும்பாலும் அந்தக் கதகதப்புதான். பசையை எடுத்த பின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்ப்பவர்களும் உண்டு. காரம் பட்டதும் நிறம் சட்டென்று கருக்கும் என்பது மெய். ஆனால் சுண்ணாம்பு தோலை அரிக்கும், அரித்த தோல் சாயத்தோடு சீக்கிரம் உரியும். நாங்கள் அதைச் சொல்வதில்லை.

நடுநடுவே ஏறாத வெள்ளைத் திட்டுகள்

தோலின் மேல் ஏதோ படலம் இருந்திருக்கிறது. சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், வாக்ஸிங் செய்த பிசின் மிச்சம், சமையல் எண்ணெய். குறிப்பாக சிலிக்கான் கலந்த கிரீம்கள் சாதாரணக் கழுவலுக்குப் போகாது. எண்ணெய்ப் பசைத் தோல் உள்ளவர்களுக்குப் புறங்கையிலும் முன்கையிலும் இது அடிக்கடி நடக்கும். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டு வையுங்கள். வாக்ஸிங், மெனிக்யூர், ஸ்க்ரப் எல்லாம் மருதாணிக்கு ஒரு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். மருதாணிக்குப் பின் செய்தால் காசு கொடுத்து வைத்த நிறத்தைக் காசு கொடுத்தே தேய்த்து எடுப்பதாகும்.

மங்கும் இடம் மோதிரத்துக்கும் வளையலுக்கும் அடியில் என்றால், வைக்கும்போது அவற்றைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

கோடு பரவி, ஓரம் கலங்கித் தெரிகிறது

வியர்வை, இல்லாவிட்டால் தளர்ந்த பசை. உள்ளங்கை சதா வியர்க்கிறவர்களுக்கு நிறம் நன்றாகவே ஏறும், ஆனால் விளிம்பு நிற்காது. வைக்கும் முன் உள்ளங்கையில் முகப் பவுடரை மிக லேசாகத் தட்டித் துடைத்துவிட்டு, கெட்டிப் பசையில், கோடுகளுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டுப் போடுங்கள். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஈரப்பதத்தில் சர்க்கரை காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். கோடு காயாமல் இளகும். அங்கே 100 கிராமுக்கு 30 கிராம் என்பதை 15 அல்லது 20 ஆகக் குறையுங்கள்.

எலுமிச்சை சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதிலும் அளவு மீறக் கூடாது. பசை மேல்புறம் காய்ந்து, தொட்டால் ஒட்டாத பதத்தில், பஞ்சை நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. சொட்டச் சொட்ட வைத்தால் சாறு சாயத்தைக் கரைத்துப் பக்கத்துத் தோலுக்குக் கொண்டுபோய்விடும். தூங்கும்போது பிளாஸ்டிக் உறை கட்டினாலும் உள்ளே வியர்த்து இதே கதிதான். டிஷ்யூ பேப்பரைச் சுற்றி மேலே காகித மெடிக்கல் டேப் ஒட்டுங்கள்.

பசை ஒரு மணி நேரத்தில் வெடித்து உதிர்கிறது

வறண்ட தோல், வறண்ட காற்று, அல்லது சர்க்கரை போதாத பசை. சர்க்கரையை 5 கிராம் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் பசை கயிறு மாதிரி இழுபடும்.

மூன்றாம் நாளே திட்டுத் திட்டாக உரிகிறது

சாயம் தோலிலிருந்து கழன்று போவதில்லை. சாயம் பிடித்த செத்த செல்களே உதிர்ந்து போகின்றன. பத்துப்பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், சானிடைசர் அடிக்கடி போடும் மருத்துவமனை ஊழியர்கள், குளோரின் தண்ணீரில் நீந்துகிறவர்கள், இவர்களுக்கு உள்ளங்கைதான் முதலில் கருத்து, முதலில் போகும். புறங்கை அவ்வளவு சிவக்காவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாள் சீராக நிற்கும்.

வறண்ட தோலில் செத்த அடுக்கு செதில் செதிலாக எழும்பி நிற்கும். சாயம் அந்தச் செதிலில் ஏறும், செதில் விழும்போது சாயமும் போகும். மருதாணிக்கு முந்தைய ஒரு வாரம் இரவில் எண்ணெயோ கிரீமோ தடவித் தோலைப் பதப்படுத்துங்கள். வைக்கும் அன்று மட்டும் எதுவும் வேண்டாம். வைத்த பின் பாத்திர வேலைக்குக் கையுறை, குளிக்கும் முன் ஒரு துளி தேங்காய் எண்ணெய்.

காய்த்துப்போன கை வேறு ரகம். கடப்பாரை, தறி, தையல் கத்தரி பிடித்த கையில் காய்ப்பு விழுந்த இடம் கன்னங்கரேலென்று ஏறும், சுற்றியுள்ள தோல் சிவப்பாக நிற்கும். வெடித்த குதிகாலிலும் இப்படித்தான். இரண்டு நாள் முன்பு வெந்நீரில் ஊற வைத்துக் கல்லால் தேய்த்துச் சமப்படுத்தினால் வித்தியாசம் குறையும். வெடிப்பில் ரத்தம் தெரிந்தால் அங்கே வைக்காதீர்கள்; எலுமிச்சை பட்டு உயிர் போகும்.

வயதானவர்களின் புறங்கைத் தோல் மெலிந்திருக்கும், குழந்தைகளுக்கும் அப்படியே. நிறம் குறைவாகத்தான் வரும். அதற்காக நேரத்தை இழுத்து அவர்களைப் படுத்த வேண்டாம்.

கருத்த தோலில் டிசைனே தெரியவில்லை

மருதாணி நிறம் ஒளி ஊடுருவும் படலம். தோலின் சொந்த நிறத்தை அது மூடாது, அதன்மேல் சேரும். கருப்பு, மாநிறத் தோலில் சாயம் அதே அளவுதான் ஏறியிருக்கும், பின்னணியோடு கலந்துவிடுவதால் கண்ணுக்கு எடுபடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் எல்லோருக்கும் வெளிர் நிறம் என்பதால் டிசைனை அங்கே கொண்டுபோங்கள். புறங்கையில் வேண்டும் என்றால் மெல்லிய கோட்டை விட்டுவிட்டு, நிரப்பிய பெரிய உருவங்களும் இடையே தாராளமான வெற்றிடமும். நடுவில் நிலா, சுற்றிப் புள்ளி, விரலுக்குத் தொப்பி என்ற நம் வீட்டுப் பழைய முறை இந்தத் தோலுக்கு வாகாகப் பொருந்துகிறது. "கருத்த கைக்குக் கறுப்பு மெகந்தி போட்டால்தான் தெரியும்" என்று பார்லரில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் கறுப்பு அல்லது ரத்தச் சிவப்பு

மருதாணியால் இது முடியாது. கறுப்பு என்றால் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேரும் பிபிடி என்கிற பாராபினைலீன்டையமின். உடனடிச் சிவப்பு என்றால் சோடியம் பிக்ரமேட் போன்ற செயற்கைச் சாயம். அடையாளம்: பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை, பசை எடுத்ததுமே இறுதி நிறம், அதன்பின் கருக்காது.

பிபிடி ஒவ்வாதவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் டிசைன் வடிவத்திலேயே தடித்து, அரித்து, கொப்புளம் போடும். முதல் முறை வைப்பவருக்கு அறிகுறி வர இரண்டு வாரம்கூட ஆகலாம். நிறம் போன பிறகு அதே வடிவில் தழும்போ வெள்ளையோ மிஞ்சுவது உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை: ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால் ஆயுளுக்கும் பிபிடி உள்ள ஹேர் டை பக்கம் போக முடியாது. கொப்புளம் வந்தால் மஞ்சள் பற்று போடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். மிச்சக் கோனையும் எடுத்துச் செல்லுங்கள்.

வைத்தவுடனே சுரீரென்று எரிந்து, கழுவியதும் அடங்கினால் அது வேறு: சிராய்ப்பில் எலுமிச்சை பட்டிருக்கும், அல்லது தைலம் கூடியிருக்கும். உண்மையான மருதாணி இலைக்கே ஒவ்வாமை மிக அரிது. எக்ஸிமா, சொரியாசிஸ் இருக்கும் திட்டுகளின் மேல் வைக்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு வைக்கலாமா

வேண்டாம். ஜி6பிடி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, கலப்படம் இல்லாத மருதாணியே தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கடும் மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் வந்த பச்சிளங்குழந்தைகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். இந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. பெரியவர்களானாலும் இக்குறைபாடு இருப்பதாகத் தெரிந்தால் கூடாது. வைத்த பின் குழந்தை வெளிறினாலோ, மஞ்சளித்தாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாதி போய் அசிங்கமாக நிற்கிறது, சீக்கிரம் போக்க வேண்டும்

ப்ளீச், எலுமிச்சைத் தோல், பற்பசை என்று தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் கையை ஊறவிட்டு, எண்ணெய் தடவிக் கரகரப்பான துணியால் மெதுவாகத் தேயுங்கள். நாளுக்கு ஒரு முறை, மூன்று நாலு நாள். மேலேயே புதிதாக வைப்பதானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். பழைய திட்டு இருக்கும் இடத்தில் புது நிறம் இரட்டிப்பாகி, பழைய டிசைன் பேய் மாதிரி அடியில் தெரியும்.